சனிக்கிழமைப் பொன்னாடை

பீடோங்கில் என் முடிவெட்டும் கடையில் இரண்டு நாற்காலிகள் உண்டு. ஒன்றில் வாடிக்கையாளர் உட்காருவார். இன்னொன்றில் எங்கள் ஊர் சேவைக் கிளப் உட்காரும். கூட்டம் என்னவோ மாதாமாதம் ஏர்கான் போட்ட உணவகத்தில்தான் நடக்கிறது. அங்கே சாப்பிடவே நேரம் சரியாகிவிடுவதால், யாருக்கு என்ன சேவை செய்வது என்ற முடிவெல்லாம் என் கடையில்தான். தலைவர் காப்புறுதி விற்கிறவர். செயலாளர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். இரண்டு பேருக்கும் தலையில் முடி குறைவு, திட்டம் அதிகம்.

அவர்கள் சேவையை நான் குறை சொல்லக் கூடாது. போன வருஷம் ஜித்ரா போகிற வழியில் மரம் நட்டார்கள். ஒரு கன்றைச் சுற்றி ஒரு பட்டாளமே நின்று படம் எடுத்துக்கொண்டது. மறுவாரமே மாடு மேய்ந்துவிட்டது. கிளப் அறிக்கையில் மட்டும் அந்த மரங்கள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. நிழல்கூடத் தருகின்றனவாம்.

இந்த வருஷம் மேலிடத்திலிருந்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: சமூக சேவை ஒன்று, தொழில்சேவை ஒன்று. தொழில் கற்பவர்களுக்கு வழிகாட்டுவது, தொழில் செய்கிறவனைக் கைதூக்கிவிடுவது, இதுதான் தொழில்சேவை என்று வாத்தியார் விளக்கினார். தலைவர் கழுத்தில் துண்டோடு என் நாற்காலியில் யோசித்துக்கொண்டிருந்தார்.

“சுங்கைப் பட்டாணியில முடிவெட்டுற காலேஜ் ஒன்னு இருக்கு தலைவரே. பிள்ளைங்களுக்கு வெட்டிப் பழக தலை வேணுமாம்,” என்றார் வாத்தியார்.

“தலைதானே? புக்கிட் செலம்பாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துல கொட்டிக் கெடக்கு. தீபாவளிக்கு முன்னாடி சும்மா வெட்டிவிட்டா சமூக சேவை. பிள்ளைங்க பழகிக்கிட்டா தொழில்சேவை. ஒரே பேனர்ல ரெண்டு ப்ரோஜெக் லா!” என்றார் தலைவர். பிறகு கண்ணாடியைப் பார்த்து உருக்கமாகச் சொன்னார்: “பாவம், அங்க முடிவெட்ட ஆளே இல்ல.”

அதைச் சொன்னபோது அவர் காது மடலில் முடி கத்தரித்துக்கொண்டிருந்தவன் நான். அந்தத் தோட்டத்துத் தலை அத்தனையும் என் கடைக்கு வருபவை. மோட்டார் சைக்கிளில் முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அப்பன்மார் வருவார்கள். டவுனில் இருக்கும் இளவட்டங்களைக் கலர் லைட் போட்ட கடைகள் எப்போதோ இழுத்துக்கொண்டுவிட்டன. எனக்கு மிச்சம் அந்தத் தோட்டமும் தீபாவளி வாரமும்தான். அந்த வாரம் போனால் கடையைச் சாத்திவிட்டு லாரி ஓட்டப் போக வேண்டியதுதான்.

“எப்ப வைக்கலாம்?” என்றார் தலைவர்.

“வெள்ளிக்கிழமை. லீவு நாளு,” என்றார் வாத்தியார்.

அப்போது நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைத்திருப்பேன். எந்த வீட்டில் வெள்ளிக்கிழமை முடிவெட்ட விடுவார்கள்? ஒரு ஈ காக்கா வந்திருக்காது. பேனரைக் கட்டிவிட்டு அவர்களே ஒருவர் தலையை ஒருவர் வெட்டிக்கொண்டு வந்திருப்பார்கள். ஆனால் முடிவெட்டுகிறவன் வாய் சும்மா இருக்குமா?

“வெள்ளிக்கிழமை எவன் தலைவரே முடிவெட்டுவான்? வீட்டுல வெளக்கமாறு பறக்கும்!” என்று சொல்லிச் சிரித்தேன்.

இருவரும் கண்ணாடிக்குள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “அட, ஆமால்ல! நல்ல வேளை சொன்னீங்க அண்ணே. அப்போ சனிக்கிழமை,” என்றார் தலைவர்.

கத்திரி என் கையிலேயே நின்றுவிட்டது. எங்கள் கெடா மாநிலத்தில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. வெள்ளியில் வெட்ட மாட்டார்கள். தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை ஒன்றுதான் எனக்கென்று இருந்த நாள். அதையும் நானே தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டேன்.

“தலைவரே, அது என் நாளு. அன்னிக்கு ஒரு நாள்தான் எனக்கு யாவாரம்.”

“உங்கள விட்டுட்டுச் செய்வோமா அண்ணே? உங்களுக்குப் பொன்னாடை போத்துறோம். சிறந்த தொழிலாளி விருது! காலையிலேருந்து மேடையிலேயே உக்காருறீங்க.”

“நான் மேடையில உக்காந்தா கடைய யாரு பாக்குறது?”

“எல்லாரும் அங்க வந்துருவாங்களே, கடைக்கு யாரு வரப்போறா?” என்றார் வாத்தியார். அவர் கணக்கு வாத்தியார்தான் என்பதை அன்றைக்குத்தான் நம்பினேன்.

வீட்டில் மனைவி குதித்தாள். “போனீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்!” ஆனால் போகாமல் எப்படி இருப்பது? ஏழைகளுக்கு இலவசமாகச் செய்வதைப் பார்த்து வயிறு எரிகிறான் என்று வாட்ஸ்அப்பில் ஓடிவிடும். வயிறு எரிந்தது உண்மைதான். எரிந்த வயிற்றின் மேலேயே சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போனேன்.

தோட்டத்து மண்டபத்தில் பேனர். அதில் தலைவர் முகம் கதவு அகலம், என் முகம் தபால்தலை. மேலிடத்துப் பெரியவர் வரும்வரை யாரும் கத்திரியைத் தொடக் கூடாது என்று உத்தரவு. அவர் வெயில் ஏறிய பிறகு வந்தார், விளக்கேற்றினார், எனக்குப் பொன்னாடை போர்த்தினார். “இவரைப் போன்ற தொழிலாளிகளை வாழவைப்பதே எங்கள் கிளப்பின் உயிர்மூச்சு!” என்றார். கை தட்டினார்கள். நானும் தட்டினேன், வேறென்ன செய்ய? மேடைக்குக் கீழே காலேஜ் பிள்ளைகள் வரிசையாக நாற்காலி போட்டு என் பிழைப்பைத் தரையில் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

வருஷா வருஷம் என்னிடம் வரும் ஒரு தாய், இரண்டு மகன்களோடு மேடை ஓரமாக வந்தாள்.

“அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. சும்மா வெட்டுறாங்களேன்னு…”

“அதுக்கென்னம்மா, பிள்ளைங்களுக்கு வெட்டிவிடு.”

அவள் மேல் எனக்குத் துளி கோபமில்லை. வெயிலில் செம்பனைப் பழம் பொறுக்குகிறவள், சும்மா கிடைப்பதை ஏன் விட வேண்டும்? ஆனால் அவள் என் முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போனது வலித்தது. மண்டபத்தில் அத்தனை பேர் இருந்தும் என் முகத்தைப் பார்த்தவர் யாருமில்லை. தலைவரோ படத்துக்காக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, பின்னால் நின்ற பையனிடம், “தம்பி, தொட்டுறாத. கத்திரிய சும்மா மேல புடி,” என்றார்.

சாயங்காலம் கடையைத் திறந்தேன். பொன்னாடையை ஆணியில் மாட்டினேன். கூட்டித் தள்ள ஒரு முடிகூடத் தரையில் இல்லை. தீபாவளிச் சனிக்கிழமை என் கடைத் தரை அப்படி இருந்ததே இல்லை. விளக்கை அணைக்கலாமா என்று நினைத்தபோது கடை வாசலில் காடி வந்து நின்றது. தலைவர்.

“அண்ணே, தீபாவளிக்கு நம்ம தலைய கொஞ்சம் சரி பண்ணுங்க. பின்கழுத்துக்குக் கத்தி போட்டுருங்க.”

“மண்டபத்துலேயே வெட்டிருக்கலாமே தலைவரே?”

“ஐயோ, பழகுற பிள்ளைங்ககிட்டயா? நாலு பேர பாக்கணும் அண்ணே, வெளாட்டா?” என்று நாற்காலியில் சாய்ந்தார். “பெரியவருக்கு ரொம்பப் புடிச்சிருச்சு. அடுத்த வருஷம் இன்னும் பெருசா, வாரம் பூரா செய்யச் சொல்லிட்டாரு. பீடோங்கச் சுத்தி எல்லாத் தோட்டத்துலயும்!”

வாரம் பூரா. வழக்கமாகப் போர்த்தும் துணி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதை விட்டுவிட்டு, ஆணியிலிருந்த பொன்னாடையை எடுத்து உதறி அவர் கழுத்தில் இறுக்கிக் கட்டினேன்.

“அண்ணே, இது…”

“நீங்க குடுத்ததுதான் தலைவரே. நல்லா வழவழன்னு இருக்கு, முடி ஒட்டாது.”

அவர் எழப் பார்த்தார். அதற்குள் புது பிளேடு போட்ட கத்தி அவர் பின்கழுத்தில் இருந்தது. “ஆடாதீங்க, பட்டுரும்,” என்றேன். கண்ணாடியில் அவர் முகத்தில் வேர்வை பூத்தது. காதோரம் வரை நிதானமாக இழுத்தேன்.

“அடுத்த வருஷம் எப்ப வைக்கலாம் தலைவரே?”

“நீங்களே சொல்லுங்கண்ணே.”

“தீபாவளி முடிஞ்சு வைங்க.”

தலையை ஆட்ட முடியாமல், கண்ணை மூடித் திறந்து சரி என்றார்.