ஐந்து வேலைக்கு நாலாயிரம்

எதிர்வீட்டுக்கு ஒரு வெளிநாட்டுத் தம்பதி குடிவந்தபோது என் மகளுக்கு எட்டு மாதம். கணவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் புது இயந்திரங்களை நிறுவ ஒரு வருட ஒப்பந்தத்தில் வந்திருந்தார். எங்கள் மாடியில் பகலில் வீட்டில் இருப்பவர்களில் ஆங்கிலம் பேசத் தெரிந்தவள் நான் மட்டும்தான். தண்ணீர் கேன், கேஸ், குப்பை வண்டி வரும் நேரம் என்று எல்லாவற்றுக்கும் அந்தப் பெண் என் கதவைத்தான் தட்டுவார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பதில் சொல்வேன். அந்த மாதங்களில் கேட்டதற்குப் பதில் சொல்வதைத் தவிர எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. பால், டயப்பர், தூக்கம், மறுபடி பால்.

ஒருநாள் அவர் வீட்டு வேலைக்கு ஆள் வேண்டும் என்றார். மணிக்கு எவ்வளவு கொடுத்தால் நியாயமாக இருக்கும் என்றும் கேட்டார். அவர் ஊரில் அவர் வீட்டை அவரேதான் துடைத்திருக்கிறார். ஒருவரை வைத்துச் செய்யச் சொல்வதே கூச்சமாக இருக்கிறதாம். குறைத்துக் கொடுத்து ஏமாற்றவும் கூடாது, ஏமாளி என்று பெயர் வாங்கவும் கூடாது என்றார். பரீட்சையில் கேட்ட கேள்வி மாதிரி அதை நான் வாங்கிக்கொண்டேன்.

இங்கே யாரும் மணிக்கணக்கில் கொடுப்பதில்லை. பெருக்கித் துடைப்பது ஒரு வேலை, பாத்திரம் ஒரு வேலை, துணி ஒரு வேலை. ஒரு வேலைக்கு மாதம் எண்ணூறு. எங்கள் அபார்ட்மென்ட் பெண்களின் வாட்ஸ்அப் குரூப்பில் முடிவான தொகை அது. முடிவு செய்தது யார் என்று தெரியாது. நான் கல்யாணமாகி தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வந்தபோதே அது இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று குரூப்பில் கேட்டேன். அசோசியேஷன் செயலாளரின் மனைவி குரல் பதிவு அனுப்பினார்.

"அவுங்க ரேட்ட ஏத்தி உட்டுட்டு ஏர்போர்ட்டுக்குப் போயிருவாங்க. அப்பறம் மாட்டிக்கறது நாமதான். நீயே பாத்துப் பேசி முடிச்சுரும்மா. நீ சமத்துப் பொண்ணு."

அதை இரண்டு முறை கேட்டேன். குழந்தை பிறந்த பிறகு யாரும் என்னைச் சமத்து என்று சொன்னதில்லை.

என் வீட்டில் இரண்டு வேலை செய்கிற அக்காவையே எதிர்வீட்டுக்குக் கூட்டிப்போனேன். தொரப்பள்ளியிலிருந்து வருகிறவர். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். நான் அவரை அக்கா என்பேன், அவரும் என்னை அக்கா என்பார். காலையில் எங்கள் வீடும் இரண்டாவது மாடியில் ஒரு வீடும். மதியம் இரண்டு மணியிலிருந்து இரவு பத்தரை வரை ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் ஹவுஸ்கீப்பிங்.

வாசலில் மூன்று பேரும் நின்றோம். செய்ய வேண்டியது ஐந்து வேலை. அக்கா வீட்டை ஒரு சுற்று பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார்.

"ஏழு கேளுங்கக்கா. ஞாயித்துக்கெழமையும் வர்றேன். ஏழு வந்தா கம்பெனிய உட்டுர்றேன். முட்டி ரெண்டும் போச்சு. கையில வர்றது கொஞ்சம் கொறையும், கொறஞ்சா கொறையட்டும். சாயந்தரமாவது வீட்ல குந்திருப்பேன்."

நான் எதிர்வீட்டுப் பெண்ணிடம் திரும்பி ஆங்கிலத்தில், "நாலாயிரம் கேட்கிறார்" என்றேன்.

ஐந்தை எண்ணூறால் பெருக்கினால் நாலாயிரம். அந்தக் குரல் பதிவு காதில் இருந்தது. அங்கே ஏழாயிரம் வாங்குகிறவர் என் வீட்டில் ஆயிரத்து அறுநூறுக்கு எத்தனை நாள் வருவார் என்பதும் இருந்தது. இதில் எது முதலில் வந்தது என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். தெரியவில்லை.

"இவ்வளவுதானா? இது அவருக்குப் போதுமா?" என்றார் எதிர்வீட்டுப் பெண்.

"அவர் கேட்டதே அதுதான்" என்றேன். பிறகு அக்காவிடம், "நாலுதான் குடுப்பாங்களாம்க்கா" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். குழந்தையின் மூக்கை முந்தானையால் துடைத்துவிட்டார். "செரி" என்றார்.

அவர் கம்பெனியை விடவில்லை. காலை ஆறரைக்கே வரத் தொடங்கினார். மூன்று வீடுகளையும் முடித்துவிட்டு, ஒன்றே முக்காலுக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். மாதங்கள் போகப் போக மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகக் கால் வைத்து ஏறினார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்ததும் உள்ளே ஏதாவது ஆக வேண்டும், ஒன்றும் ஆகவில்லை. பாட்டில்களைக் கொதிநீரில் போட்டேன்.

ஆறாவது மாதம் ஒருநாள், பாத்திரம் விளக்கிக்கொண்டே அக்கா தானாகச் சிரித்தார்.

"எதுத்த வூட்டம்மா போன்ல தமிழ் பேசுதுக்கா. அது இங்கிலீஷ்ல என்னமோ சொல்லுது, போன்லேர்ந்து ஆம்பளக் கொரலு வருது. 'உங்கள் ஊதியம் உங்களுக்குப் போதுமானதாக உள்ளதா'ங்கறான், நியூஸ் வாசிக்கறவனாட்டம்! நான் பால்கனியில ஒக்காந்தபடியே தூங்கிட்டனாம், அதான் கேக்குது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"போதும்னேன்."

"ஏன்க்கா?"

அவர் குழாயை மூடினார். "நீங்க நாலுன்னு சொல்லி வெச்சிருக்கீங்க. இப்ப நான் ஏழுன்னா, ஒண்ணு நான் பேராசக்காரி, இல்லாட்டி நீங்க பொய்க்காரி. எதுக்கு வம்பு?"

"நான் சொன்னது உங்களுக்கு..."

"கம்பெனில தெனம் லைன் ஃபோரு, லைன் செவன்னுதான் தொடைக்க மாப்ப குடுத்து அனுப்பறாங்க. ஃபோர் தெரியாதா எனக்கு?"

முதல் நாளே தெரிந்திருக்கிறது. ஆறு மாதமாக அவர் என் வீட்டுக்கு வந்து, என் குழந்தையைக் கொஞ்சி, என் பாத்திரங்களை விளக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்று மதியம் எதிர்வீட்டு மணியை அடித்தேன். உள்ளே கூப்பிட்டார், நான் போகவில்லை. நடந்ததைச் சொன்னேன். எண்ணூறு, குரூப் என்று விளக்க ஆரம்பித்தேன். ஆங்கிலத்தில் சொல்லும்போது அது எதையும் விளக்கவில்லை. அவர் உள்ளே போய் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தார். அக்கா வந்த நேரம், போன நேரம் எல்லாம் தேதி வாரியாக எழுதியிருந்தார். அதைப் பார்த்தபடி, "அப்படியானால் மாதம் மூவாயிரம் வீதம் ஆறு மாதத்துக்கு நான் அவருக்குத் தர வேண்டியிருக்கிறது" என்றார்.

"நாளைக்கு நான் வந்து அவரிடம் எடுத்துச் சொல்கிறேன்" என்றேன்.

"வேண்டாம். போன் போதும்" என்றார். குரலில் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு தோன்றியது.

அக்காவுக்கு மொத்தமாகப் பதினெட்டாயிரம் கிடைத்தது. மாதம் ஏழாயிரமும் ஆனது. இனிமேல் கம்பெனியை விட்டுவிடலாமே என்று கேட்டேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று அவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது எனக்கு.

"அன்னிக்கே ஏழுன்னிருந்தா உட்டிருப்பேன். அப்ப ஒரு வருசம் கையில இருந்துச்சி. அதுக்குள்ள நாலு வூடு பாத்து சேத்திருப்பேன். இன்னும் ஆறு மாசத்துல அவுங்க கெளம்பிருவாங்க. இப்ப உட்டா காண்ட்ராக்டரு திரும்ப எடுக்கமாட்டான், நாப்பத்தஞ்சு ஆவுது எனக்கு." அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். குத்திக்காட்டுகிற குரல் இல்லை.

"என் வீட்டுக்கும் அடுத்த மாசத்துலேருந்து மூணு தரேன்க்கா."

"குடுங்க. குரூப்புல மட்டும் போட்றாதீங்க. ரெண்டாவது மாடில தெரிஞ்சா, என்னைத்தான் நிறுத்துவாங்க."

அடுத்த மாதம் நாலாவது மாடிக்குப் புதிதாக வந்த ஒரு பெண், வேலைக்கு இங்கே என்ன கொடுக்கிறீர்கள் என்று குரூப்பில் கேட்டிருந்தார். ஒவ்வொருவராக எண்ணூறு என்று போட்டார்கள். என் பெயரைச் சுட்டி, நீ எவ்வளவும்மா குடுக்கற என்று செயலாளரின் மனைவி கேட்டிருந்தார். உண்மையைத் தட்டினேன், அழித்தேன். உண்மையைச் சொன்னால் அக்காவின் ஒரு வீடு போகும். சொல்லாவிட்டால் நாலாவது மாடிக்கு வேலைக்கு வரப்போகிற யாரோ ஒரு பெண்ணுக்கும் எண்ணூறுதான். என் பயத்துக்கு அக்காவின் பெயரை வைத்துக்கொள்கிறேனா என்றும் தெரியவில்லை.

கூடத்தில் துடைத்துக்கொண்டிருந்த அக்காவிடம் போனை நீட்டிக் கேட்டேன்.

"என்ன போடட்டும்க்கா?"

அவர் நிமிரவில்லை. "எண்ணூறுன்னே போடுங்க."

போட்டேன். யாரோ கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்கள். அக்கா பக்கெட் தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்து, பாத்ரூமில் கம்பெனிச் சீருடைக்கு மாறி, பஸ்ஸுக்குக் கிளம்பினார்.