சாமிக்கு நேர்ந்த முடியில் ஒரு டோப்பா

பாலவனத்தத்தில் மாரிக்கனி அக்காவைத் தெரியாத பெண்கள் கிடையாது. தலைவாரும்போது உதிர்கிற முடியைச் சுருட்டிச் சுவர் இடுக்கில் செருகி வைத்திருப்பார்கள். அக்கா கூடையோடு வந்து அதை வாங்கிக்கொண்டு எவர்சில்வர் கிண்ணமோ கரண்டியோ கொடுப்பார். வீட்டில் சிக்கெடுத்துச் சவுரி கட்டி அருப்புக்கோட்டைக் கடைகளுக்குப் போடுவார். புருஷன் இறந்த பிறகு இரண்டு மகள்களைக் கட்டிக்கொடுத்தது இந்த முடியை வைத்துத்தான்.

முடிக்குச் சொந்தக்காரி தன் கையால் தந்தால்தான் வாங்குவார். முன்பு காரியாபட்டிப் பக்கம் ஒருவன் நீளச் சடை ஒன்றை விற்றுவிட்டுப் போனான். மறுநாள் அவன் மனைவி முக்காடு போட்டுக்கொண்டு வந்து, தூங்கும்போது அறுத்துவிட்டான் என்று அழுதாள். சடை அதற்குள் மதுரைக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து ஆண்கள் கொண்டுவரும் முடியை அக்கா தொடுவதில்லை.

என்னையும் ஊருக்குத் தெரியும். முதுகில் பாதிவரை முடி வளர்த்த பையன் நான் ஒருவன்தான். நான் பிளஸ் ஒன் சேர்ந்த அன்றே, பிளஸ் டூ தேறினால் மொட்டை போடுவதாக அம்மா இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார். அதுவரை கத்தி படக்கூடாது. நான் தேறவில்லை. மறுபடி எழுதினேன், மறுபடியும் தேறவில்லை. கணக்கில் நான் எவ்வளவு மோசம் என்பதைப் பஸ்ஸில் பின்னால் நிற்பவர்கூட என் முதுகைப் பார்த்தே அளந்துவிடலாம்.

இந்தக் கோடையில் பால்வாடி டீச்சர் தங்கச்செல்வி, தலையில் வைத்துக்கொள்ள ஒரு டோப்பா கேட்டு மாரிக்கனி அக்காவைத் தேடி வந்தார். மதுரையில் புற்றுநோய்க்கு ஊசி போட்டதில் அவருக்கு முடியெல்லாம் கொட்டியிருந்தது. பார்க்கிறவர்கள் எல்லாம் எந்தக் கோயிலுக்கு மொட்டை என்று கேட்டார்கள்.

"இருக்கன்குடின்னு சொல்லிட்டுத் திரியுறேன். சாமி பேருல பொய். நெசத்தச் சொன்னா ஒட்டிக்கிரும்னு புள்ளைகள அனுப்ப மாட்டாகக்கா. வேல போயிரும்."

"உதுந்த முடி சவுரிக்குத்தான் ஆகும். டோப்பாவுக்குத் தலையிலருந்து வெட்டுன முடி வேணும்" என்றார் அக்கா.

வாசலில் வெட்டியாக நின்றிருந்த நான் உள்ளே நுழைந்தேன். கண்தானம் பற்றிய பேச்சுப் போட்டியில் ஆறுதல் பரிசு வாங்கியவன் அல்லவா? முடியும் தானம்தான் என்று முழங்கி, என் முடியைத் தருவதாகச் சொன்னேன். உண்மையில் அதில் தானம் பாதி. ஊர்க் கேலியிலிருந்து தப்பிக்கும் ஆசை பாதி.

"ஏலே ராஜகுரு, நேந்துக்கிட்டது யாரு?"

"அம்மா."

"அப்ப அவுக வந்து குடுக்கட்டும்."

"எனக்கு இருபது வயசு ஆச்சுக்கா!"

"பெறகு ஏன்டா இன்னும் பிளஸ் டூ படிக்க?"

அம்மாவிடம் சொன்னேன். கேட்ட வேகத்தில் அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

"சாமி சொத்துல டோப்பா கட்டுவியாடி? எம் மவன் தேறாமப் போறது இதுனாலதான்!"

"இன்னும் ஒத்த முடி வாங்கலியே மதினி! போன வருசம் ஃபெயிலானதுக்கு நானா பொறுப்பு?"

அப்போதுதான் அம்மா, தலைக்கு அளவு கொடுக்க மூலையில் உட்கார்ந்திருந்த டீச்சரைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "டீச்சரா? எந்தக் கோயிலுக்கு?" என்றார்.

டீச்சர் ‘இருக்கன்...’ என்று தொடங்கிப் பாதியில் விட்டார்.

"கோயிலுக்கு இல்லக்கா. புத்துநோயி. ஊசி போட்டதுல கொட்டிருச்சு. இது ஒட்டாது, பயப்படாதீக."

அம்மா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். என் தலையை ஒரு முறை பார்த்தார், டீச்சர் தலையை ஒரு முறை பார்த்தார். பிறகு அக்காவிடம் கை நீட்டினார்.

"கத்திரியக் குடு."

"சாமிக்கு என்ன சொல்லுவீக மதினி?"

"அவகிட்ட நான் பேசிக்கிறேன். இவன் தேறுனாத்தான அவளுக்குக் கடன்? முன்னால பூமுடிக்கு மட்டும் விட்டுருதேன்."

முழு மொட்டை போடாதவர்கள் சாமிக்கு நறுக்கிக் கொடுக்கும் சிறு கொத்துதான் பூமுடி. அந்தக் கொத்து என் நெற்றிக்கு மேலே நின்றது. மற்றதெல்லாம் அம்மா கையால் விழுந்தது. "அதையும் எடுத்துருங்கம்மா" என்று கெஞ்சினேன்.

"மொதல்ல தேறு."

அக்கா வழக்கப்படி ஒரு தூக்குச்சட்டியை நீட்டினார். "தானத்துக்கு ஏதுடி சட்டி?" என்றார் அம்மா. வெளியே போய்விட்டுத் திரும்பி வந்து வாங்கிக்கொண்டார்.

டோப்பா முடிய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. வலைத்துணியில் நாலு நாலு முடியாகக் கோத்து, இரண்டு முறை பிரித்து, என் தலையையும் ஆஸ்பத்திரியையும் சேர்த்தே திட்டிக்கொண்டு அக்கா கட்டினார். டீச்சர் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம், "எம் புள்ளைகளுக்குக் கணக்கு வராமப் போனா ஒன்னையத்தான் கேப்பேன்" என்றார்.

அவர் வேலைக்குத் திரும்பிய அன்று விஷயம் எப்படியோ ஊரில் பரவியிருந்தது. பால்வாடி வாசலில் தாய்மார்கள் பிள்ளைகளை உள்ளே விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்கள். என் அம்மா தன் பேத்தியை, என் கூடப்பிறந்த அக்காவின் மகளை, இடுப்பில் தூக்கிக்கொண்டு கூட்டத்தை விலக்கிப் போய், டீச்சர் மடியிலேயே உட்கார வைத்துவிட்டு வந்தார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு பிள்ளை போனது. பிறகு மற்றவை.

நான் ஒற்றைக் கொத்தோடு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அம்மாவின் பேத்தி டோப்பாச் சடையைப் பிடித்து இழுத்தாள். எனக்குத் தலை கூசியது. என் முடிக்கு வேலை கிடைத்துவிட்டது. நான் அக்டோபர் பரீட்சைக்குப் பணம் கட்டியிருக்கிறேன்.