குளிர்கடலில் இறங்கியவர்

பிள்ளைகளே, நீங்கள் பிறப்பதற்கு முன் டென்மார்க்கில் எஸ்பியர்க் நகரத்து மீன் தொழிற்சாலையில் என்னோடு ஓர் இளைஞர் வேலை செய்தார். மெலிந்தவர், காலையில் எப்போதும் ஈரத்தலையோடுதான் வருவார். டாக்டராக வேண்டுமென்பதே எந்நேரமும் அவர் பேச்சு. மருத்துவப் படிப்பு விண்ணப்பத்தில் துணிச்சலான பொழுதுபோக்கு ஒன்றையும் எழுதும்படி அவருடைய டெனிஷ் மொழி ஆசிரியை சொன்னாராம். அதனால் பனி கொட்டும் மாரியிலும் டெனிஷ்காரரோடு கடலில் குளித்தார்.

“விசரே தம்பி, இந்தக் குளிருக்குள்ள? மன்னாரிலயிருந்து வள்ளத்தில இந்தியாவுக்குக் கடல் தாண்டினனீர்தானே, அதை எழுதும்,” என்றேன்.

“அது உயிருக்குப் பயந்து ஓடினது அண்ணை. அதைப் பொழுதுபோக்கெண்டு எழுத மனம் வரேல்லை. இதில நானா விரும்பியெல்லோ இறங்கிறன்.”

விண்ணப்பம் அனுப்பிய பிறகும் அவர் குளிப்பதை நிறுத்தவில்லை. பிறகு கோப்பன்ஹேகன் போய்விட்டார். மருத்துவம் படிக்க இடம் கிடைத்ததோ, தெரியாது.

அவர் போன மறுநாள் நான் தனியாகக் கடற்கரைக்குப் போனேன். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, நானாகவே முழங்கால் வரை இறங்கி, பல் கிடுகிடுக்கக் கொஞ்ச நேரம் நின்றேன்.