இல்லை என்று சொன்ன கல்லறை

“...டோலன்னு பேரைச் சொன்னாங்கண்ணே. லெட்ஜர்ல டி வரிசை பூரா பாத்துட்டு, மாஃபி மேடம், அப்படி யாரும் இல்லைன்னு கையை விரிச்சுட்டேன்.”

குவைத்தில் ஒரு கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தின் காவலாளி சொன்னது இது. மங்காஃப் பகுதியில் எங்கள் ரூமில் தங்கியிருந்து இறந்துபோன நண்பருக்குப் பூ வைக்கப் போயிருந்தேன். காவலாளிக்கு ஒட்டிய கன்னம், வெயிலில் வெளுத்த தொப்பி. பேசும்போதும் ஒரு பெயின்ட் பிரஷால் கல்லெழுத்துகளில் புகுந்த மணலைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

வந்தவர் ஓர் அயர்லாந்து அம்மாள். எண்ணெய் வேலைக்கு வந்து இங்கேயே இறந்த தாத்தாவைப் பழைய காகிதங்களோடு தேடியவர். மறுநாளே ஊருக்குப் பிளைட் ஏறிவிட்டார். அடுத்த வாரம் மணல் தட்டும்போது ஒரு கல்லில் காவலாளி பார்த்தது: மைக்கேல் டோலன்.

“லெட்ஜர்ல எம் வரிசையில இருக்காரு. எனக்கு முன்னால இருந்தவரும் நம்மாளுதான். நம்ம ஊரு வழக்கப்படி, குடும்பப் பேரை விட்டுட்டு ஆளு பேரை வச்சு எழுதிட்டாரு. எனக்கும் அது தோணலண்ணே.”

“அந்தம்மா போன் நம்பர் வாங்கலையா?”

“ஆளே இல்லைன்னு சொன்ன பிறகு நம்பர் எதுக்கு? அவரு இங்கதான் கிடந்தாரு. நான்தான் இல்லாம ஆக்கிட்டேன்.”

கல்லைப் போட்டோ எடுத்து நெட்டில் போடச் சொன்னார். அது அந்த அம்மாள் கண்ணில் படுமா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. வெயில் கூசுகிறது, போட்டோவில் எழுத்து விழவில்லை என்றேன். அவர் யூனிபார்ம் சட்டையைக் கழற்றி, கல்லின்மேல் நிழல் விழும்படி இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.