முதல் கியரில் நின்ற வண்டி

யுத்தம் முடிந்த மறு வருஷம், ராணுவத்தார் கழித்துவிட்ட வண்டிகளை ஏலம் போட்டார்கள். தாராவியில் நான் டிரைவராக இருந்த தோல் பட்டறைக்கு அப்படி வந்து சேர்ந்ததுதான் அந்தப் பிக்கப். பச்சைப் பெயிண்ட் உரிந்து, ஒரு பக்கக் கதவு கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. ஆனாலும் இன்ஜின் நல்ல இன்ஜின். வடாலாவிலிருந்து சுண்ணாம்பும் மரப்பட்டையும் ஏற்றி வருவேன். பதனிட்ட தோலை ரயில் கிடங்குக்குக் கொண்டுபோவேன்.

பட்டறையில் பம்பும் மோட்டாரும் பார்த்துக்கொண்டிருந்தவர் என் மாப்பிள்ளை, அதாவது என் தங்கையைக் கட்டியவர். என்னைவிட இரண்டு வயது இளையவர். நாங்கள் மூவரும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒன்றாகத்தான் பம்பாய் வந்தோம்; கும்பார்வாடாவுக்குப் பின்னால் ஒரே அறையில் இருந்தோம். வண்டி வந்ததும் அதன் கரண்டு வேலை முழுவதும் மாப்பிள்ளை பொறுப்பாயிற்று. அவர் பட்டாளத்து ஒர்க்‌ஷாப் ஒன்றில் இரண்டு வருஷம் கூலி வேலை செய்தவர். அங்கே பார்த்ததை ஒன்றும் மறக்கவில்லை.

காலையில் முதல் காரியமாக டிரைவர் காலடிப் பலகையைத் தூக்கி பேட்டரியைப் பார்ப்பார். உள்ளே தகடு தெரியக் கூடாது. தெரிந்தால் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றுவார். குழாய்த் தண்ணீரை அதன் கிட்டவே விடமாட்டார். முனைகளில் பூக்கும் வெள்ளைப் பூஞ்சையைச் சோடா உப்புக் கரைசலால் கழுவித் துடைத்து கிரீஸ் தடவுவார். எந்த வயரில் கை வைப்பதானாலும் முதலில் பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றிவிடுவார். பீடியோடு யாராவது பக்கத்தில் வந்தால் குரல் மாறிவிடும்.

"அங்கனயே நில்லும்வே. இதுலேர்ந்து கேஸ் வருது. ஒரு பொறி போதும், மூஞ்சி இருக்காது."

ஆட்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார்.

அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் அது நடந்தது.

வண்டியை ஸ்டார்ட் செய்ய, காலால் மிதிக்கிற பித்தான் ஒன்று தரையில் இருந்தது. மிதித்தால் உள்ளே இரண்டு செம்புத் துண்டுகள் ஒட்டி செல்ஃப் மோட்டார் சுற்றும். மே மாதக் கடைசியில் அந்தச் செம்பு கருகிப்போயிற்று. மாப்பிள்ளை முதலாளியிடம் சொன்னார். "இந்த லோடு போகட்டும்பா, மாத்திடலாம்" என்றார் முதலாளி. லோடு போயிற்று, அடுத்த லோடு வந்தது.

அதுவரைக்கும் முன்னால் நின்று இரும்பு ஹேண்டில் போட்டுச் சுற்றினோம். ஒருநாள் இன்ஜின் எதிர்த்து உதைத்ததில் ஹேண்டில் திரும்பி வந்து என் மணிக்கட்டில் அடித்தது. கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடித்திருந்ததால் எலும்பு தப்பித்தது. கை பூரி மாதிரி வீங்கி ஐந்து நாள் ஸ்டீயரிங் பிடிக்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான் குறுக்கு வழிக்குப் போனோம். சாவியைத் திருகிவிட்டு, பானெட்டைத் திறந்து, அந்தப் பித்தானோடு சேர்ந்த செல்ஃப் ஸ்விட்சின் இரண்டு தடித்த முனைகளுக்கு நடுவே திருப்புளியை வைத்து அழுத்தினால் நீலமாகப் பொறி பறக்கும், இன்ஜின் பிடித்துக்கொள்ளும்.

இது ஆபத்தென்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. வண்டி கியரில் இருந்தால், செல்ஃப் சுற்றிய கணத்தில் வண்டியே பாயும். உள்ளே கிளட்சை மிதிக்க ஆள் இல்லை. அதனால் மாப்பிள்ளை ஒரு ஏற்பாடு செய்தார். பட்டறை முற்றம் சற்றே சரிவு. வண்டியின் கை பிரேக்கும் தளர்ச்சி. சக்கரத்துக்குக் கல் வைப்போம். மழைக்காலத்துச் சேற்றில் கல் வழுக்குமென்று, வண்டியை முதல் கியரிலும் போட்டு நிறுத்துவேன். அப்படிக் கியரில் போட்டால் என் சிவப்புத் துண்டை ஸ்டீயரிங்கில் கட்டிவிட்டு இறங்க வேண்டும். துண்டு இருந்தால் கியரில் இருக்கிறது. இல்லாவிட்டால் நியூட்ரல். ஜூன் முழுவதும் அது தவறவில்லை.

ஜூலையில் ஒருநாள் காலை அம்மீட்டர் முள் அசையவில்லை என்று அவரிடம் சொல்லியிருந்தேன். டைனமோ பேட்டரிக்குச் சார்ஜ் அனுப்பவில்லை என்று அர்த்தம். "மத்தியானம் லோடு எறக்கினதும் இன்ஜின ஓட விட்டுப் பாக்கேன்" என்றார். மத்தியானம் வடாலாவிலிருந்து திரும்பினேன். சரக்கு இறக்கியாயிற்று. சுண்ணாம்புக் குழியின் செங்கல் சுவரைப் பார்த்து வண்டியை நிறுத்தினேன். வலப்பக்கம் பட்டைக் கட்டுகள் அடுக்கியிருந்தன. கல் வைத்தேன். முதல் கியர் போட்டேன். தோளிலிருந்த துண்டை எடுத்தேன்.

அப்போது மழை சாய்த்து அடித்தது. கையில் சலான் காகிதங்கள். காகிதத்தைச் சட்டைக்குள் செருகி, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கணக்கர் அறைக்கு ஓடினேன். இரண்டு நிமிஷத்தில் திரும்பிவந்து கட்டிவிடலாம் என்று நினைத்தது இன்றைக்கும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. மறக்கவில்லை. நினைத்துக்கொண்டேதான் ஓடினேன்.

கணக்கர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது செல்ஃப் உறுமுவது கேட்டது. உடனே ஒரு அடி விழுந்த சத்தம். பிறகு இன்ஜின் நின்றுவிட்டது. அதன்பின் கேட்டது மனிதக் குரல்.

ஓடினேன். பட்டைக் கட்டுகள் அடைத்திருந்ததால் அவர் பக்கவாட்டில் நிற்க இடமில்லாமல் முன்னால் நின்று குனிந்திருக்கிறார். வண்டி கல்லின்மேல் ஏறித் தாண்டி, பம்பருக்கும் சுவருக்கும் நடுவே அவருடைய இடது தொடையை வைத்து நசுக்கியிருந்தது. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. என்னைப் பார்த்தார், மேலிருந்து கீழ்வரை, நீளமாக ஒரு பார்வை. பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

கியரை விலக்கினேன். எட்டுப் பேர் சேர்ந்து வண்டியைப் பின்னுக்குத் தள்ளினார்கள். அவரைத் தூக்கிப் பின்னால் சாக்கின்மேல் கிடத்தினோம். ஆஸ்பத்திரிக்குப் போக அதைவிட்டால் வேறு வண்டி இல்லை. அதை ஸ்டார்ட் செய்ய அந்தத் திருப்புளியைவிட்டால் வேறு வழி இல்லை. சேற்றில் கிடந்ததை எடுத்தேன். கியர்க் கம்பியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பார்த்தேன். இறங்கினேன். மறுபடி ஏறி இன்னொரு முறை ஆட்டிப் பார்த்தேன். எல்லாரையும் முன்னாலிருந்து விலகச் சொன்னேன். பக்கத்தில் நின்று திருப்புளியை வைத்தபோது அது ஈரத்தில் வழுக்கி, பொறி இரண்டு முறை தவறிப் பறந்தது. மூன்றாவது முறை இன்ஜின் பிடித்தது.

வழியில் ரயில் கேட் மூடியிருந்தது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை. இன்ஜின் அணைந்தால் திரும்பப் பிடிக்குமோ பிடிக்காதோ. விளக்கு, வைப்பர் எதுவும் போடாமல், கண்ணாடியைக் கையால் வழித்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு சரக்கு ரயில் போயிற்று. எத்தனை பெட்டி என்று முடிவே இல்லை. பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

"மச்சான், ஆக்சிலரேட்டர நல்லா மிதியும். அணஞ்சிரப் போவுது."

அந்த நிலையிலும் அவர் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் காலை வெட்டி எடுக்கவில்லை. ஆனால் இடுப்பெலும்புக்குக் கீழே தொடை எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. கட்டுப் போட்டு, எடை தொங்கவிட்டு, வாரக்கணக்காகப் படுக்க வைத்தார்கள். காயம் சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்த மூன்று நாளும் என் தங்கை வராந்தாவை விட்டு நகரவில்லை.

விசாரிக்க முதலாளி வந்தார். எப்படி நடந்தது என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் மாப்பிள்ளை சொன்னார்: "என் தப்புதான் மொதலாளி. கியரப் பாக்காம வச்சிட்டேன்."

நான் பேசவில்லை. முதலாளி போன பிறகும் பேசவில்லை. அவர் நிஜமாகவே அப்படி நம்புகிறார் என்று நினைத்தேன். நாளைக்குச் சொல்லலாம், காய்ச்சல் இறங்கட்டும், கட்டு மாற்றட்டும் என்று ஒவ்வொன்றாகத் தள்ளினேன். பட்டறையில் விபத்துக்கு மறுநாளே புது ஸ்விட்ச் வந்துவிட்டது. மாட்டுவதற்கு முழுதாக ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

தங்கை தினமும் கஞ்சி கொண்டுபோவாள். படுக்கை ஓரத்தில் நின்று ஊட்டிக்கொண்டே திட்டுவாள்.

"ஊருக்கெல்லாம் புத்தி சொல்லத் தெரியுது. பீடி குடிக்காத, வயரத் தொடாத. ஒரு கம்பியத் தொட்டுப் பாக்கத் தெரியல இந்த மனுசனுக்கு."

அவர் வாயைத் திறந்து கஞ்சியை வாங்கிக்கொள்வார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

முப்பத்தெட்டாம் நாள், அவளில்லாத நேரத்தில், தாங்காமல் சொல்லிவிட்டேன். "மாப்ள, அன்னைக்கு கியர்ல போட்டது நான். துண்டு கட்டல."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும் மச்சான்."

"எப்படித் தெரியும்?"

"நீரு ஓடி வாரீரு. துண்டு உம்ம தலையில கெடக்கு."

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அப்ப மொதலாளிட்ட ஏன் அப்படிச் சொன்னீரு?"

"ரெண்டு பேருக்கும் வேல போனா வீட்டுல என்ன செய்யது? நான் எப்படியும் எந்திரிக்க நாளாவும். அதுவுமில்லாம, ஜன்னல் வழியா கைய விட்டுச் சாவியத் திருகினேன்லா. இன்னும் ஒரு சாண் நீட்டுனா கியர்க் கம்பி. துண்டு கட்டலேன்னதும் நியூட்ரல்னு நம்புனேன். அது என் தப்புதான். அவகிட்டச் சொல்லாதேயும்."

அன்று சாயங்காலம் அவளிடம் சொன்னேன். அவர் பேச்சை மீறினேன் என்பது தெரியும். ஆனால் மறுநாளும் அவள் அவரைத் திட்டுவதையும், அவர் கஞ்சியை விழுங்குவதையும் பார்க்கும் சக்தி எனக்கு இல்லை.

அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் கையை அப்படியே நிறுத்தினாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். மெதுவாகத்தான் கேட்டாள்.

"உங்களுக்கு அன்னைலேர்ந்தே தெரியுமாண்ணே?"

"தெரியும்."

"அவியளுக்கு?"

"அவருக்கும்தான்."

அடுப்பில் விறகு புகைந்தது. அவள் அதைத் தள்ளிவிடவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் காப்பாத்திக்கிட்டிய. நான் மட்டும் அத்தன நாளும் அவியள ஏசிக்கிட்டு இருந்தேன். காய்ச்சல்ல கெடக்கயில ஏசினேன். நீங்க பக்கத்துலதான நின்னிய?"

அவள் எழுந்து எனக்குச் சோறு போட்டு வைத்துவிட்டு வெளியே போனாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

மறுநாள் முதலாளியிடமும் சொன்னேன். பித்தானை மாற்றாமல் தள்ளிப்போட்டது அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "போய் வண்டிய எடுப்பா" என்று மட்டும் சொன்னார். அந்த வண்டியை எடுக்க மனம் வரவில்லை. மாதம் முடிந்ததும் வடாலாவில் வேறொரு கம்பெனியில் சேர்ந்தேன்.

மாப்பிள்ளை தீபாவளி சமயத்தில் வீடு வந்தார். இடது கால் இரண்டு அங்குலம் குட்டையாகிவிட்டது. முழங்காலும் சரியாக மடங்காது. பட்டறையில் ஏணி ஏறி இறங்குகிற வேலை இனி ஆகாது. மாட்டுங்காவில் பேட்டரி சார்ஜ் செய்யும் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் பாலக்காட்டுக்காரர், அதிகம் பேசாதவர். இவர் பேட்டரியின் முனையைத் துடைத்த விதத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்கே வரலாமே" என்றாராம். அங்கே உட்கார்ந்தபடி வேலை. ஆசிட் கலக்கும்போது தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஒருபோதும் ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது என்று கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். சார்ஜ் ஏறும் பேட்டரி அருகே பீடியோடு போனவர்களைப் பழைய குரலில்தான் விரட்டினார்.

தங்கை எனக்குச் சோறு போடுவாள், துணி துவைப்பாள். காய்ச்சல் வந்தால் கசாயம் கொண்டுவந்து வைப்பாள். பேச வேண்டியதைக் கணவரிடம் சொல்வாள். அதே அறையில் இருக்கும் எனக்கு அவர் அதைத் திருப்பிச் சொல்வார். அவர் முதலில் அதற்காக அவளைக் கண்டித்தார். பிறகு விட்டுவிட்டார். "அவளுக்கும் ஒரு காலம் வேணும்லா" என்றார்.

பதினோரு மாதம் ஆயிற்று. ஒருநாள் காலை குழாயடியில் அவளுக்குப் பின்னால் நான் வாளியோடு நின்றேன். அப்போது அவள் ஏழு மாதம். நிறைந்த குடத்தைப் பார்த்தாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். பிறகு திரும்பாமலே சொன்னாள்:

"அந்தக் குடத்தக் கொஞ்சம் தூக்கியாங்கண்ணே."

என் வாளியை அங்கேயே விட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கித் தோளில் வைத்தேன். சந்து குறுகல், அவள் முன்னால் நடந்தாள். வீடு சேருகிறவரைக்கும் வேறு ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. குடத்தை இறக்கிவைத்துவிட்டுத் திரும்பிப் போய்ப் பார்த்தால், என் வாளியை வரிசையிலிருந்து யாரோ தள்ளி வைத்திருந்தார்கள். மறுபடியும் கடைசியில் போய் நின்றேன்.