அவள் பேரில் சொன்ன என் வருத்தம்

முதல் தடவை அது வந்தபோது என் கையில் ஒரு பிள்ளை இருந்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை; டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்தது. மூச்சு அடைத்து விரல்கள் மரத்துப்போயின. சாகப்போகிறேன் என்றே நினைத்தேன். சாவதைவிட, பிள்ளையைப் போட்டுவிடுவேனோ என்பதுதான் பெரிய பயம். எப்படியோ தொட்டிலில் கிடத்தினேன். பத்து நிமிடத்தில் எல்லாம் போய்விட்டது, பயத்தைத் தவிர.

அந்த மாதத்திலேயே இன்னும் மூன்று முறை வந்தது. இரத்தோட்டை ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்த டொக்டர், இருதயத்தில் ஒன்றுமில்லை, மனநல கிளினிக்கில் காட்டுங்கள் என்றார். அங்கே போய் வந்தவளிடம் யார் பிள்ளையை விடுவார்கள்? நானே விடமாட்டேன். அதனால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

தோட்டத்தில் யாருக்கு ஆஸ்பத்திரி என்றாலும் சிங்களத்தில் பேச என்னைத்தான் கூப்பிடுவார்கள். எத்தனையோ பேருடைய மூலத்தையும் முதுகுவலியையும் கூச்சமில்லாமல் எடுத்துச் சொன்னவள் நான். என் வருத்தத்துக்கு மட்டும் வாய் வரவில்லை. அந்த நேரம் பார்த்து, என்னிடம் ஒன்பது மாதப் பிள்ளையை விடும் ஒரு பெண் வந்தாள். பிள்ளை பிறந்ததிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை, சும்மா சும்மா அழுகை. மருத்துவிச்சியம்மா அதே கிளினிக்குக்குத் துண்டு எழுதிக் கொடுத்திருந்தார். நான் வந்தால்தான் போவாளாம். நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தேன். வெட்கங்கெட்ட நினைப்புத்தான்.

மாத்தளை டவுன் கிளினிக்கில், டொக்டர் ஓர் இளம் பெண். கூட வந்தவள் தூக்கமில்லை என்றாள், சிங்களத்தில் சொன்னேன். அழுகை வருகிறது என்றாள், சொன்னேன். அதே மூச்சில் என் படபடப்பையும் மூச்சடைப்பையும் சாவுப் பயத்தையும் சேர்த்துவிட்டேன். சிங்களம் தெரியாத அவள், நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினாள். டொக்டர் துருவித் துருவிக் கேட்டார். ஒன்றுவிடாமல் என் கதையை அவள் கதையாகச் சொன்னேன். இது பயத்தால் வரும் வருத்தம், இதனால் உயிர் போகாது, மருந்தும் இருக்கிறது, வந்து பேசப் பேசக் குறையும் என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அழ வேண்டியவள் நானில்லையே என்று அடக்கிக்கொண்டேன்.

பேனாவை எடுத்தவர், பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாரா என்று கேட்டார்.

நெஞ்சு பக்கென்றது. என் வருத்தத்துக்கான மாத்திரை இவள் உடம்பில் இறங்கி, பாலோடு அந்தப் பிள்ளைக்கும் போகுமா? மேசை விளிம்பைப் பிடித்தேன். மூச்சு அடைத்தது. எழுதவேண்டாம், அந்தப் படபடப்பு எனக்கு, இவளுக்கில்லை என்று எப்படியோ சிங்களத்தில் சொல்லி முடித்தேன்.

டொக்டர் திட்டவில்லை. மெதுவாக மூச்சை வெளியே விடச் சொல்லி, அது அடங்கும்வரை கூடவே எண்ணினார். பிறகு, முதலில் இவருக்கு விளக்கிச் சொல்லுங்கள் என்றார். சிங்களத்தில் சொன்னதைவிட தமிழில் சொல்வது கஷ்டமாக இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எம்புள்ள ஒங்க கையில இருக்கயிலயும் வந்துச்சா டீச்சர்?"

ஒரு தடவை வந்தது என்றேன்.

டொக்டர் அவளை மறுபடி முதலிலிருந்து விசாரித்தார். எனக்கும் புதிதாக ஒரு கார்ட் போட்டு, அடுத்த கிழமை வரச் சொன்னார். பஸ்ஸில் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன். இறங்கும் நேரத்தில் வாரேன் என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை எல்லாத் தாய்மாரும் பிள்ளைகளை விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்க மலைக்குப் போய்விட்டார்கள். அவளைக் காணவில்லை. இனி ஒவ்வொருத்தியாகப் பிள்ளை விடுவதை நிறுத்துவார்கள், வேலையும் போகும் என்று நினைத்துக்கொண்டே பாதையை எட்டி எட்டிப் பார்த்தேன். வெயிலேறின பிறகு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். நான் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"ஒக்காந்துக்கிட்டு வாங்குங்க டீச்சர்" என்றாள்.

தரையில் உட்கார்ந்து, மறுபடி கையை நீட்டினேன்.