வலிக்காத காயம்

மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் இரத்தப் பரிசோதனை செய்வது என் வேலை. கிருமி நுழைந்தால் உடலின் எதிர்ப்புச் சக்தி போராடும். சிவப்பு, வீக்கம், சூடு, வலி எல்லாம் அதன் அடையாளங்கள் என்று படித்தவள் நான்.

தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்த அம்மாவுக்குத் தீராத முட்டி வலி. இரவுச் சந்தையில் வாங்கிய பொடியைக் குடித்ததும் வலி பறந்துவிட்டது. "டாக்டர் மருந்தவிட இது பவர் லா," என்று சிரித்தார். நானும் மகிழ்ந்தேன்.

ஒரு நாள் அவர் காலில் முள் குத்தியது. பார்த்தேன்; சிவக்கவில்லை, வீங்கவில்லை.

"காய்ச்சல்கூட இல்ல. நீ வேலைக்குப் போ."

போனேன்.

அந்த வாரமே மயங்கி விழுந்தார். இரத்தம் முழுக்கக் கிருமி பரவியிருந்தது. பொடிப் பொட்டலத்தைப் பார்த்த மருத்துவர், இதில் ஸ்டீராய்டு கலக்கிறார்கள் என்றார். முட்டி வீக்கத்தை அடக்கிய மருந்து எதிர்ப்புச் சக்தியையும் அடக்கியிருந்தது. அதனால்தான் காயம் எந்த அடையாளமும் காட்டவில்லை.

வார்டில் அம்மா என் கையைப் பிடித்தார். "முட்டி வலி தாங்கல. அந்தப் பொடிய ஒரு பொட்டலம் வாங்கிட்டு வாயேன்."

"வேணாம்மா."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் இறந்துவிட்டார்.

மறுத்தது சரிதான் என்று எத்தனை முறை சொல்லிக்கொண்டாலும், அம்மா என்னிடம் கடைசியாகக் கேட்டது அதுதான்.